ஆறாவது தகடு

எங்கள் நத்தக்கரட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணாந்து பார்ப்பார்கள், பார்த்தபடியே நடந்து டீக்கடை பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொள்வார்கள், இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே அதென்ன மேலே என்று கேட்பார்கள், கடைக்காரரும் பாலை ஆற்றுவதை நிறுத்தாமல், தகடுங்க, சேகோ பேக்டரித் தகடு, உங்களுக்குச் சர்க்கரை போடலாமா என்பார். அவ்வளவுதான் எங்கள் ஊரில் அதற்கு ஆர்ப்பாட்டம். தென்னைகளுக்கு மேலே, ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கயிறும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் ஐந்து அலுமினியத் தகடுகள் வானத்தில் நிற்கின்றன. வருடத்தில் ஒரே ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் ஆறு இருக்கும். பக்கத்து ஈச்சங்காட்டுக்காரர்கள் இதெல்லாம் கண்கட்டு வித்தை என்று சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் ஊர் வானம் காலியாகக் கிடக்கிறது, வேறென்ன பேசுவார்கள்.

எங்களுக்கு எல்லாமே குச்சிக்கிழங்குதான், மரவள்ளி என்பீர்களே அது. லாரி லாரியாக வரும் கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பாலெடுத்து, பால் தெளிந்ததும் அடியில் தங்குகிற மாவை அள்ளி, உருட்டி வறுத்துச் சிமெண்ட் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. உருட்டாமல் சூடான காற்றில் பறக்கவிட்டு உலர்த்தினால் ஸ்டார்ச் மாவு. தை பிறந்ததிலிருந்து சித்திரை முடிகிறவரை ஊரே வெள்ளை பூசிக்கொண்டு நிற்கும், கறுப்பு நாய் வெள்ளை நாயாகும், பள்ளிக்கூடத்து வாத்தியார் சட்டையை உதறினால் ஒரு கரண்டி மாவு தேறும்.

அர்த்தநாரி முதலாளியின் பேக்டரியில் மாவு உலர்த்தும் அறைக்கு மாவறை என்று பெயர். அங்கே பதினோரு பெண்கள் மூட்டை பிடிக்கிற வேலை செய்தார்கள், அவர்களுக்குத் தலைவி நல்லம்மா. யாரும் அவளைத் தலைவியாக்கவில்லை. மெஷின் ஓடும்போதும் காது கேட்கிற குரல் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது, அதனால் ஆனாள். மாவுத்தூசி காற்றில் திரண்டு நிற்கிற அறையில் ஒரு பொறி பட்டால் அது மாவு இல்லை, வெடிமருந்து. உள்ளே காற்று ஒரே நொடியில் வீங்கும், வீங்கிய காற்றுக்கு வழி இல்லாவிட்டால் சுவரோடு ஆளையும் சேர்த்துத் தூக்கும். அதற்காகத்தான் மாவறைச் சுவரில் ஆறு இடத்தில் செங்கல்லை விட்டுவிட்டுத் தகடு பொருத்தியிருந்தார்கள், ஐந்து உயரத்தில், ஆறாவது களத்துப் பக்கம் தரையை ஒட்டி ஆள் உயரத்துக்கு. ஒவ்வொரு தகட்டையும் சுவரோடு பிடித்துக்கொண்டிருந்தது ஒரு கொண்டி. தகட்டில் கொண்டியின் நாக்கு, சுவரில் அதைக் கவ்வுகிற வாய். உள்ளே அழுத்தம் மீறினால் நாக்கு தானே வாயை விட்டுவிடும். யாராவது பிடியைக் கையால் இழுத்தாலும் விட்டுவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் விடுகொண்டி.

அந்த விடுகொண்டிகளைச் செய்தவள் ஆத்தூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிற பூங்காவனம். அடக்கம் என்பது அவள் பட்டறைப் பக்கமே வந்ததில்லை. ஒவ்வொரு கொண்டியையும் செய்து முடித்ததும் சட்டத்தில் மாட்டித் தன் முதுகைக் கொடுத்துச் சாய்வாள், முழு பாரத்தையும் போட்டதும் டக்கென்று விட்டுத் தகட்டோடு பின்னால் சரிவாள், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, இந்த ஜில்லாவில் இப்படி விடுகிற கொண்டி எவன் செய்கிறான் என்று ரோட்டில் போகிறவரைப் பிடித்துக் கேட்பாள். ஆடிக்காற்று வெளியே நின்று உறிஞ்சிய ஒரு நாளில் ஐந்தாவது தகடு தானே கழன்று தொங்கியபோது, முதலாளி ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார்.

"ஏம்மா பூங்காவனம், ஸ்பிரிங்க கொஞ்சம் இறுக்கிக் குடேன். காத்துக்கெல்லாம் தெறந்துக்கிதே."

"இறுக்கிப் பூட்டுறதுக்கு உங்களுக்குப் பூட்டு வேணும்னா, அது நான் செய்யறதில்ல. எங்கிட்ட வாங்கினது விடுறதுக்கு வாங்கினது."

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் எதையும் விடமாட்டோம்; மோட்டாருக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம், லாரிக்கு, மண்வெட்டிக்கு, முதலாளியின் செல்போனுக்கு, டீக்கடை பாய்லருக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்துப் பூவும் சுற்றினால்தான் எங்களுக்குத் திருப்தி. கொண்டிக்கு மட்டும் வேண்டாம், உள்ளே இறங்கிக் காய்ந்துவிடும் என்று பூங்காவனம் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். சாமிக்கு வைப்பதில் இவளென்ன சட்டம் பேசுகிறாள் என்றோம். உயரத்தில் இருந்த ஐந்துக்கும் ஏணி வைத்து ஏற வேண்டியிருந்ததால் ஒரு பொட்டோடு விட்டோம். ஆறாவது கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால், இருந்த பக்தியையெல்லாம் அதன்மேல் காட்டினோம். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், எல்லோரும் வைத்தோம், சந்தனம் குழம்பாக ஸ்பிரிங்குக்குள் இறங்கி அழகாகக் காய்ந்தது.

மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் மாவறை வெடித்தது. பொறி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அது கிடக்கட்டும். காற்று வீங்கிய அந்த நொடியில் உயரத்துக் கொண்டிகள் ஐந்தும் டக் டக் டக் டக் டக் என்று விட்டன, ஐந்து தகடுகளும் திறந்துகொண்டு நெருப்பை வெளியே துப்பிவிட்டு அப்படியே எகிறின, சுவர் நின்றது, கூரை நின்றது, உள்ளே இருந்தவர்களுக்குப் புருவம்தான் கருகியது. ஆனால் வாசல் பக்கம் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து கதவை மூடிவிட்டன, மூட்டைகளின் மேல் நெருப்பு ஏறத் தொடங்கியது. மிச்சமிருந்த வழி ஆறாவது தகடு ஒன்றுதான். அது விடவில்லை.

பதினோரு பெண்களும் அதைத் தள்ளினார்கள், அசையவில்லை. நல்லம்மா பிடியை இழுத்தாள், வரவில்லை. சாமிக்கு வைத்த சந்தனம் சாமி மாதிரியே அசையாமல் இருந்தது. அப்போது அவள் இரண்டு கையாலும் பிடியைக் கவ்விக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, மறுகாலையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் அந்தப் பிடியில் தொங்கவிட்டுக் கத்தினாள் பாருங்கள், அந்தக் கத்தல் கிழங்கு இறக்கிக்கொண்டிருந்த லாரிகள் வரை கேட்டது. சந்தனம் தூள் தூளாக உதிர்ந்தது, நாக்கு வாயை விட்டது, தகடு திறந்தது. பத்துப் பேரும் களத்துக்கு ஓடி, காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசியில் வழுக்கி, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து திரும்பிப் பார்த்தபோது, தகடு நிலத்தைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. நல்லம்மா பிடியை விடவில்லை. அவ்வளவு பாடுபட்டு இழுத்ததைக் கை உடனே விட்டுவிடுமா? தகடு அவளோடு எழும்பித் தென்னையைத் தாண்டி, ஏற்கெனவே மேலே போய் நின்றிருந்த ஐந்துக்கும் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாகப் போய் நின்றது. அவள் அதன்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே குனிந்து, "எண்ணிப் பாருங்கடி, பத்துப் பேரும் இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பத்துப் பேரும் இருந்தார்கள். அன்று எங்கள் ஊரில் யாருக்கும் இழவு இல்லை.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் நெருப்பை அணைத்துவிட்டு ஏணியை நீட்டினார்கள். ஏணி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு தகடும் ஏறியது. கரட்டுப் பாறையிலிருந்து கயிறு வீசினோம், பிடித்துக் கட்டிக்கொண்டாள், அந்தக் கயிற்றில் தூக்குவாளி போனால் தகடு ஆடாமல் நின்று வாங்கிக்கொண்டது, அவள் இறங்கலாம் என்று ஒரு காலைத் தொங்கவிட்டாலோ புதிதாக வாங்கிய மாடு மாதிரி ஒரு பக்கம் சரிந்து மிரட்டியது. சோற்றுக்குச் சம்மதிக்கும், ஆளுக்குச் சம்மதிக்காது என்று புரிந்துகொண்டோம். வேறு காரியங்களுக்கு அவள் மேலே என்ன செய்தாள் என்று கேட்கிற வெளியூர்க்காரர்கள் உண்டு. சாக்குத் திரை, வாளி, கயிறு என்று எங்கள் ஊர்ப் பெண்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். உங்களுக்கு அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை.

பிறகு எல்லாம் பழகிவிட்டது, எங்களுக்குப் பழகாதது என்று ஒன்று உண்டா. தகடுகளின் நிழல் காலையில் ரேஷன் கடைப் பக்கம் விழும், கடைக்காரர் வரிசையை நிழலுக்கு ஏற்றபடி வளைத்து வைத்தார். மத்தியானம் அதே நிழல் களங்களின் மேல் ஊர்ந்து வரும், களத்துப் பெண்கள் அது வருவதற்கு முன்னால் ஜவ்வரிசியைத் தள்ளிக் கொண்டுபோய் வெயிலில் விட்டு, நிழல் போனதும் இழுத்துக்கொண்டு வந்தார்கள், கோலத்துக்கு இழை இழுப்பதுபோல் அதுவும் கைவேலையாகிவிட்டது. கண்டக்டர்கள் எங்கள் ஸ்டாப்புக்கு வந்ததும் "தகடெல்லாம் எறங்கு" என்று கத்தினார்கள். கடைத்தெருவில் நல்லம்மாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தோம்; அவளுடைய படம் என்று கிடைத்தது ரேஷன் கார்டில் இருந்தது மட்டும், அதனால் மூலையில் அவள் தீப்பெட்டி அளவுக்கும், வாழ்த்துகிற நாங்கள் ஆளுயரத்துக்கும் இருந்தோம். கோயில் கமிட்டியார் மேலே பார்த்துப் பொங்கல் வைக்கக் கிளம்பினார்கள்.

"எனக்கா பொங்கல் வெக்கறீங்க?" என்று மேலிருந்து சத்தம் வந்தது. "காலையில குடுத்தனுப்புன சட்னியில உப்பே இல்ல, மொதல்ல அதப் பாருங்க!"

அந்தக் குரலுக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. களத்தில் ஜவ்வரிசி காய்கிறபோது கோடைமழை சொல்லாமல் வரும். வந்தால் முத்து முத்தாக உருட்டியதெல்லாம் கூழாகி ஓடும். நல்லம்மா இருந்த உயரத்திலிருந்து பார்த்தால் மழை கல்வராயன் மலையைத் தாண்டுவதும் தெரியும், ஈச்சங்காட்டில் இறங்குவதும் தெரியும். "ஏய், ஈச்சங்காட்டுல எறங்கிடுச்சு, தார்ப்பாய எடுங்கடி!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், ஊரில் உள்ள எல்லாக் களங்களிலும் தார்ப்பாய் விரியும், கடைசி மூலையை இழுத்துக் கல் வைக்கும்போது முதல் சொட்டு விழும். அந்தப் பங்குனியில் சுற்றுவட்டாரத்தில் நனையாத ஜவ்வரிசி எங்களுடையது மட்டும்தான். டிவிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வானத்தில் உட்கார்ந்து மழையைக் காவல் காக்கிறாள் என்று நாங்கள் மைக்கைப் பிடித்து மைக்கைப் பிடித்துச் சொன்னோம், சொல்லச் சொல்ல எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, நிமிர்ந்த நெஞ்சோடு திரிந்ததில் அவளை இறக்க வேண்டும் என்ற யோசனை எங்களுக்கு மறந்தே போனது.

அவளுடைய புருஷன் வையாபுரி கிழங்கு லாரி ஓட்டுகிறவன். முதல் வாரம் பாறையில் உட்கார்ந்து அழுதான். அப்புறம் எந்தக் கடையிலும் அவனிடம் டீக்குக் காசு வாங்குவதில்லை, நல்லம்மா புருஷன் என்று ஈச்சங்காட்டிலும் எழுந்து இடம் கொடுத்தார்கள், அவனுக்கும் ஒரு மிதப்பு வந்துவிட்டது. சாயங்காலம் பாறைக்கு வந்து அவளோடு பேசுவான், பேசிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு இறங்குவான்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏங்க, மாவறையில செங்கல்லு ஏத்துறாங்களே, என்னா அது?"

"பழயபடி தகடு வெக்கத்தான். சைடு கட்டுறாங்க."

"தகடு வெக்கறதுக்கு எடம் விடலயே. நான் மேலேர்ந்து பாத்துக்கினுதானே இருக்கேன்?"

அவன் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் செருப்பைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். முதலாளி ஆறு இடத்தையும் செங்கல் வைத்து அடைத்து, சுவரை முழுச் சுவராக்கிக்கொண்டிருந்தார்.

பூங்காவனம் நேரே பேக்டரிக்குப் போய் வாசலில் நின்று கத்தினாள். முதலாளி வெளியே வந்தார், இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார், வெடிச்சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு சட்டென்று திடுக்கிடுகிறவராகியிருந்தார்.

"தெறக்குற கதவே வேணாம்மா எனக்கு. அஞ்சு போயி அங்க நிக்கிது, ஒண்ணு ஒரு பொம்பளயவே தூக்கினு போயிடுச்சு. இன்னொருக்கா வெச்சு, இன்னும் யார யார அது தூக்கினு போவுமோ? முழுச் செவுரா இருந்துட்டா யாரும் எங்கயும் போவ மாட்டாங்க."

"ஆமாண்ணா, எங்கயும் போவ மாட்டாங்க," என்றாள் பூங்காவனம். "உள்ளயேதான் கெடப்பாங்க."

இன்னொன்றும் சொன்னாள். அழுத்தத்தில் போன ஐந்தும் போனதுதான், அவை வேலையை முடித்துக்கொண்டவை. ஆறாவது கையால் திறந்தது. கையால் திறந்ததைக் கையால் மூடலாம், அதற்குச் சுவரில் ஒரு வாய் வேண்டும். வாயை வைத்துத் தட்டிக் கூப்பிட்டால் என் கொண்டி வந்து கவ்வும், நல்லம்மா இறங்கிவிடுவாள். இவரோ அந்த இடத்தையே பூசி மெழுகுகிறார், அது எங்கே வந்து இறங்கும் என்று ரோட்டில் நின்று எங்களையெல்லாம் கேட்டாள். கொண்டி வியாபாரம் படுத்துவிட்டது, அதுதான் இப்படிக் கத்துகிறாள் என்று பேசிக்கொண்டோம். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசிக்கொண்டோம். முழுச்சுவர் எழும்பி முடிந்தது, சுண்ணாம்பும் அடித்தார்கள், மெஷின் ஓட ஆரம்பித்தது, அந்தப் பத்துப் பெண்களும் கூலிக்காக அதே மாவறைக்குள் போய் நின்று மூட்டை பிடித்தார்கள்.

நல்லம்மா மேலிருந்து அவர்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போவதைப் பார்த்தாள். சாயங்காலம் ஒவ்வொருத்தியாக வெளியே வருவதையும் எண்ணினாள். தன்னுடைய வீட்டுக் கூரை தெரிகிறது, கொடியில் காயும் தன்னுடைய புடவை தெரிகிறது, புருஷன் மீசையைத் தடவுவது தெரிகிறது, தரையில் கால் வைக்க வழி தெரியவில்லை. கொண்டை ஊசியைக் கழற்றி, தகட்டில் இருந்த கொண்டியின் ஸ்பிரிங்கில் ஒட்டியிருந்த மிச்சச் சந்தனத்தைச் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அப்புறம் அவள் பேசவில்லை.

தூக்குவாளி போனது, காலியாகத் திரும்பியது, குரல் வரவில்லை. களத்துப் பெண்கள் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. கோபமாக இருப்பாள், சரியாகிவிடும் என்றோம். சித்திரை மத்தியானம் ஒன்றில் எல்லாக் களத்திலும் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது, நல்லம்மா கல்வராயன் மலையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். மழை மலையைத் தாண்டியது. ஈச்சங்காட்டில் இறங்கியது. எங்கள் ஊர் எல்லைக்கு வந்து, முதல் சொட்டு ரேஷன் கடைக்காரர் தலையில் விழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தார்ப்பாய் பாதி விரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சீசன் உழைப்பு கஞ்சியாகி வாய்க்காலில் இறங்கியது.

ஊர் மொத்தமும் கரட்டுப் பாறையில் ஏறிவிட்டது. எங்களுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நனைந்த தலையோடும் மாவு வடிகிற காலோடும் நின்று அண்ணாந்து கத்தினோம், சோறு போட்டோமே, ஃப்ளெக்ஸ் வைத்தோமே, உனக்கு இப்படிச் செய்ய மனசு வந்ததா என்று கத்தினோம். முதலாளியும் வந்திருந்தார். அவர் களம்தான் ஊரிலேயே பெரியது.

நல்லம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தகட்டின் ஓரத்துக்கு வந்து குனிந்தாள். முகத்தில் மழைத்தண்ணீர் ஓடியது.

"மழ வருதுன்னு சொல்றதுக்கு நான் இருந்தேன்," என்றாள். "உள்ள நெருப்பு வந்தா யாரு இருக்கா? ஜவ்வரிசி நனைஞ்சதுக்கு ஊரே மேல ஏறி நிக்கிறீங்களே, அந்தப் பத்துப் பேர செவுத்துக்குள்ள வெச்சுப் பூசுனப்ப ஒரு ஆளாச்சும் இந்தப் பாறைல ஏறுனீங்களா?"

நாங்கள் நனைந்த தலையைத் துவட்டிக்கொள்ள ஆரம்பித்தோம்.

"இன்னமே நான் மழை சொல்ல மாட்டேன். எனக்கு எறங்கணும். நான் போராடித் தெறந்த வழி எனக்கு அந்தச் செவுத்துல வேணும்."

மாவறைப் பெண்கள் பத்துப் பேரும் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பி இறங்க ஆரம்பித்தாள், அடுத்தவள் இறங்கினாள், பத்துப் பேரும் இறங்கினார்கள். வையாபுரி மீசையிலிருந்து கையை எடுத்தான். இவ்வளவு நாள் குடித்த டீயெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எம்பொண்டாட்டிய வித்து டீ குடிச்சிருக்கேன்யா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, லாரியில் கிடந்த கடப்பாரையை எடுக்க ஓடினான். அவனுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் ஓடினோம். ஓடும்போதுதான் ஒன்று புரிந்தது, ஆத்திரத்தோடு ஏறியவர்கள்தான் இப்போது இறங்கி ஓடுகிறோம், அந்த ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை, பக்கம் மட்டும் மாறியிருந்தது.

சுவர் முன்னால் முதலாளி நின்றார். வையாபுரி கடப்பாரையை ஓங்கியபடி நின்றான். ஆறாவது இடத்தை அடைத்திருந்த சுவரை அவர் கொஞ்ச நேரம் கையால் தடவிப் பார்த்தார், அந்தப் பத்துப் பெண்களையும் ஒருமுறை பார்த்தார், திடுக்கிட்டார், நகர்ந்து வழிவிட்டார்.

"செங்கல்லு ஒடையாம எடுங்கய்யா," என்றார்.

எடுத்தோம். கடப்பாரை கிடைத்தவர்கள் கடப்பாரையால், கிடைக்காதவர்கள் கையால் எடுத்தோம், ஈரச் சுண்ணாம்பு நகத்தில் ஏறியது, ரேஷன் கடைக்காரர் செங்கல்லை வாங்கி வாங்கி அடுக்கினார், கோயில் கமிட்டியார் மண் அள்ளினார்கள். ஆறாவது தகடு இருந்த இடம் ஆள் உயரத்துக்குத் திறந்துகொண்டதும் பூங்காவனம் புது வாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். அதை எப்போதோ செய்து, எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தாளாம். பொருத்தினாள், ஸ்பேனரால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். "வாடி," என்றாள்.

மேலே தகடு அசைந்தது. மற்ற ஐந்தும் அப்படியே நிற்க, ஆறாவது மட்டும் தன் இடத்திலிருந்து பிரிந்து, தென்னைகளைத் தொடாமல், மின்கம்பியைத் தொடாமல், அவசரமே இல்லாமல் தொழுவத்துக்கு வருகிற மாடு மாதிரி இறங்கி வந்தது. சுவர் அருகே வந்ததும் மெல்ல நிமிர்ந்தது, நிமிர நிமிர நல்லம்மா வழுக்கி இறங்கிக் களத்தில் கால் வைத்தாள். கஞ்சியாய்க் கிடந்த ஜவ்வரிசியில் கணுக்கால்வரை அமுங்கியது. தகடு சுவரில் போய்ச் சேர்ந்தது. டக். அந்தச் சத்தத்தைக் கேட்ட பூங்காவனம் மார்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வைக்கு அவளுக்கு முழு உரிமை இருந்தது.

நாங்கள் கைதட்டினோம், பெண்கள் குலவை போட்டார்கள், யாரோ மாலை கொண்டுவர ஓடினார்கள். வையாபுரி கிட்டே வந்து அழுதான்.

"அழுதது போதும், தள்ளு," என்றாள் நல்லம்மா. "உள்ள போவணும்."

மாவறைக்குள் போனாள். பத்துப் பெண்களும் கூடப் போனார்கள். உள்ளே நின்று, பிடியை இரண்டு கையாலும் பிடிக்கப் போனவள், யோசித்துவிட்டு ஒரு கையை எடுத்துவிட்டாள், அப்புறம் இரண்டு விரலைத் தவிர மற்ற விரல்களையும் எடுத்துவிட்டாள். அந்த இரண்டு விரலால் இழுத்தாள். சந்தனத்தின் வாசம்கூட மிச்சமில்லாத நாக்கு எண்ணெய் போட்ட வாயை விட்டது. தகடு திறந்தது, நாங்கள் பார்க்கப் பார்க்க, ஆள் யாரும் இல்லாமல் தனியாக எழும்பிப் போய் ஐந்துக்குப் பக்கத்தில் நின்றது. திறந்த வழியில் நல்லம்மா நின்றாள், அவளுக்குப் பின்னால் பத்து முகங்கள் தெரிந்தன.

"தெறக்குது," என்றாள். அப்படியே களத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மாலையோடு எதிரே வந்தவரையும் தாண்டி, வீட்டுக்குப் போய்ப் பாய் விரித்துப் படுத்தாள்.

பூங்காவனம் மறுநாள் வாயைத் தட்டிக் கூப்பிட்டாள், தகடு வந்து கவ்வியது. உயரத்து ஐந்து இடத்துக்கும் புதுத் தகடு, புதுக் கொண்டி போட்டார் முதலாளி. அடுத்த ஆடிக்காற்றில் அவற்றில் ஒன்று கழன்று தொங்கியபோது ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார். மழையை இப்போது நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பாறையில் முறை வைத்து ஆள் உட்காருகிறது. சில வருடம் நனையவும் நனைகிறோம். அந்த ஐந்தின் நிழலை ஒட்டி ஜவ்வரிசியைத் தள்ளுவதும் இழுப்பதும் அப்படியேதான் நடக்கிறது.

ஆயுத பூஜைக்கு மட்டும் நீங்கள் ஒருமுறை வர வேண்டும். மோட்டாருக்குச் சந்தனம் வைப்போம், தராசுக்கு வைப்போம், பாய்லருக்கும் வைப்போம், பழக்கத்தை விடுவோமா. கொண்டிக்கு வைப்பதில்லை. கொண்டிக்குப் பூஜை என்றால் அதைத் திறந்து பார்ப்பதுதான். ஊர் முழுவதும் குளித்துப் புதுத்துணி உடுத்திக் களத்தில் வந்து நிற்கும், மேளத்தை நிறுத்திவிடுவார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொள்வோம். உள்ளே நல்லம்மா இரண்டு விரலை வைப்பாள். தகடு எழும்பி வானத்தில் ஆறாவதாகப் போய் நிற்கும், திறந்த வழியில் அவள் வந்து நின்று எங்களைப் பார்ப்பாள்.

"தெறக்குது," என்பாள்.

எங்கள் ஊரில் அதுதான் மந்திரம். அதைக் கேட்ட பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், அதற்குப் பிறகுதான் அந்தப் பத்துப் பெண்களில் முதல் ஆள் மாவறைக்குள் காலெடுத்து வைக்கிறாள்.